கரண்டை அணைக்காமலே மாட்டித் தருகிறேன் என்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்

வாசகி கேள்வி: அண்ணன், நாங்கள் சிங்கப்பூர் அங் மோ கியோவில் 1979ல் கட்டிய வீவக (அரசு வீடமைப்புக் கழக) நாலறை வீட்டில் இருக்கிறோம், மறுவிற்பனையில் வாங்கியது. போன மாதம் விடியற்காலையில் இடித்த இடியில் டிவி, வைஃபை ரவுட்டரின் அடாப்டர், படுக்கையறை ஏர்கானின் போர்டு மூன்றும் ஒரே நேரத்தில் போய்விட்டன. அம்மாவுக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் அன்றிலிருந்து இடிச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஏர்கான் பழுதுபார்க்க வந்தவர், வீட்டுக்கே சேர்த்து ஒரு சர்ஜ் புரொடெக்டர் (திடீரென்று ஏறும் மின் அழுத்தத்தைத் தடுக்கும் சாதனம்) போட்டுவிடலாம், 1,200 வெள்ளி, கரண்டை அணைக்கவே வேண்டாம், என் பையன் வந்து அரை மணி நேரத்தில் மாட்டிவிடுவான், மின்கட்டணமும் குறையும் என்கிறார். கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் அக்கா மகனோ, ஆன்லைனில் முப்பது வெள்ளிக்குக் கிடைக்கிறது சித்தி, நானே போட்டுத் தருகிறேன் என்கிறான். உண்மையிலேயே இது எங்களுக்குத் தேவையா? யாரைக் கூப்பிடுவது? மெயின் சுவிட்ச் இருக்கும் எங்கள் டிபி பெட்டியின் படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: சகோதரி, தேவைதான். ஆனால் இரண்டு பேரிடமும் கொடுக்காதீர்கள். ஏர்கான்காரருக்கு இன்றே ஒரு மெசேஜ் போட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

அவர் சொன்னதில் எனக்கு வயிற்றைக் கலக்கியது 1,200 வெள்ளி அல்ல, கரண்டை அணைக்கவே வேண்டாம் என்று சொன்னாரே அதுதான். அம்மாவின் மெஷின் நிற்காது என்பதால் உங்களுக்கு அது ஆறுதலாகக் கேட்டிருக்கும், புரிகிறது. டிபி பெட்டியின் மூடியைக் கழற்றி, உயிரோடு இருக்கும் செம்புப் பட்டைக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு ஒரு பையன் வேலை பார்ப்பான் என்பதுதான் அதன் அர்த்தம். ஒரு சறுக்கல் போதும், முகமும் கையும் வெந்துவிடும். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும்கூட மீட்டரிலிருந்து அந்த சுவிட்ச் வரைக்கும் வரும் ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும், அதனால் அணைத்துவிட்டு வேலை செய்கிறவனே டெஸ்டரை வைத்து இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் கை வைப்பான். இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன், அணைக்காமல் டிபிக்குள் கைவிட எனக்கு இன்றைக்கும் தைரியம் கிடையாது.

சரி, முதலில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். இந்தத் தீவில் வருடத்தில் 160 நாளுக்கு மேல் இடி இடிக்கிறது, உலகத்திலேயே மின்னல் அதிகமாக விழும் இடங்களில் நம் ஊரும் ஒன்று. ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடி, இடைப்பட்ட மாதங்களில் விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து வரும் புயற்காற்று. மின்னல் உங்கள் வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் எங்கேயாவது விழுந்தாலும் அருகில் ஓடும் நீளமான உலோகக் கம்பிகளில், ஒயர்களில், ஒரு கணம் பெரிய அழுத்தம் எழும். புளோக்கின் கூரையில் இருக்கும் இடிதாங்கி கட்டடத்தைக் காப்பாற்றத்தான், உங்கள் டிவியைக் காப்பாற்ற அல்ல. இதைப் பலர் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இங்கே மின்கேபிள்கள் எல்லாம் தரைக்கு அடியில் போவதால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் போல தெருக்கம்பியில் நேராக இடி விழுந்து வீட்டுக்குள் வருவது நடக்காது. அதனால் பயம் கொஞ்சம் குறைவு. ஆனாலும் வருகிற வழிகள் இருக்கின்றன. ரவுட்டருக்கு வரும் ஃபைபர் கண்ணாடி இழை, அதன் வழியாக மின்சாரம் வராது, அதனால்தான் உங்களுக்கு அடாப்டர் போயிருக்கிறது, அதாவது அடி வந்தது பிளக் வழியாக. டிவிக்கு இரண்டு வழி உண்டு, பிளக் ஒன்று, கூரை ஆண்டெனாவிலிருந்து வரும் கேபிள் இன்னொன்று. ஏர்கானின் வெளி யூனிட் சுவருக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது, அங்கிருந்து உள்ளே வரும் ஒயர் மூன்றாவது. டிபியில் போடும் சாதனம் மின்சார ஒயரில் வருவதைத்தான் தடுக்கும், ஆண்டெனா கேபிளை அது பார்க்காது. இடி வரும் அறிகுறி தெரிந்தால் டிவியின் பிளக்கோடு ஆண்டெனா கேபிளையும் பிடுங்கி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். இடி இடித்துக்கொண்டிருக்கும்போது போய்ப் பிடுங்க வேண்டாம், முன்னாலேயே செய்யுங்கள்.

இன்னொரு கேள்வி, இதற்கு யோசித்துப் பதில் சொல்லுங்கள். அந்த நாளுக்கு முன்னாலோ பின்னாலோ வீட்டில் விளக்குகள் திடீரென்று பளிச்சென்று எரிந்து அப்புறம் மங்கியது உண்டா? மின்விசிறி வழக்கத்துக்கு மேல் வேகமாகச் சுற்றியதா? அப்படி இருந்தால் காரணம் மின்னல் இல்லாமல் எங்கேயோ லூசாகிப்போன நியூட்ரல் ஒயராக, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் ஒயராக இருக்கலாம். புளோக்குக்கு வருவது மூன்று ஃபேஸ் (மின்சாரம் கொண்டுவரும் ஒயர்கள்), உங்கள் வீட்டுக்கு வருவது அதில் ஒன்று, பொதுவான நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரைக்கும்கூட ஏறலாம். சர்ஜ் புரொடெக்டர் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காத அடியைத் தாங்கத்தான் செய்யப்பட்டது, நிமிடக்கணக்கில் நீடிக்கிற அதிக வோல்ட்டை அதனால் தாங்க முடியாது, வெந்துபோகும். அறிகுறி இருந்தால் மாட்டுவதற்கு முன்னால் அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். மெயின் சுவிட்ச் தெரிகிறது, வரிசையாக எம்சிபிக்கள் (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானாக அணையும் சுவிட்சுகள்) தெரிகின்றன, ஆனால் டெஸ்ட் பொத்தானோடு கூடிய ஆர்சிசிபியை எங்கேயும் பார்க்க முடியவில்லை. படம் கொஞ்சம் மங்கல், நான் தவறவிட்டிருக்கலாம், நீங்களே ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். மின்கசிவு உண்டானால் ஆளைக் கொல்வதற்குள் மின்சாரத்தைத் துண்டிப்பது இதுதான். 1985 ஜூலைக்குப் பிறகு வந்த வீடுகளில் இது கட்டாயம், உங்களுடையது அதற்கு முந்தியது. 2023 ஜூலையில் எரிசக்திச் சந்தை ஆணையம் பழைய வீடுகளுக்கும் கட்டாயம் ஆக்கி, 2025 ஜூலை 1 வரை நேரம் கொடுத்தது. அந்தத் தேதி போய்விட்டது. ஆகவே உங்கள் வீட்டில் அது இல்லையென்றால் சர்ஜ் புரொடெக்டரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஏற வேண்டும். சர்ஜ் புரொடெக்டர் பொருளைக் காப்பாற்றும், ஆர்சிசிபி ஆளைக் காப்பாற்றும். கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எதற்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது எர்த், அதாவது மின்சாரம் தரைக்குப் போகும் வழி. எனக்கு எழுதுகிற யாருமே கேட்காத விஷயம் இது. சர்ஜ் புரொடெக்டர் அதிக அழுத்தத்தை விழுங்கிவிடுவதில்லை, வேறு பக்கம் தள்ளிவிடுகிறது. அதற்குள் இருக்கும் வேரிஸ்டர் என்ற பொருள் 230 வோல்ட்டுக்குக் கதவைச் சாத்தி வைத்திருக்கும், அழுத்தம் எல்லை தாண்டினால் திறந்துவிட்டு எர்த்துக்குப் போ என்று வழி காட்டும், அடங்கினதும் மறுபடி சாத்திக்கொள்ளும். எர்த்துக்குப் போகிற வழி சரியாக இல்லாவிட்டால் அந்த வழி காட்டல் எதற்கு?

சில வருடங்களுக்கு முன்னால் ஈசூனில் ஒரு பழைய வீட்டுக்குப் போனேன், வேறு யாரோ சர்ஜ் புரொடெக்டர் போட்டும் ரவுட்டர் மறுபடி போய்விட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். மூடியைக் கழற்றியதும் புத்தம் புதிய சாதனம், வேலை செய்கிறது என்று காட்டும் சின்ன ஜன்னலில் பச்சை நிறம், பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதிலிருந்து வெளியே வந்த பச்சை ஒயரை விரலால் பின்தொடர்ந்துகொண்டே போனேன், எர்த் பட்டையில் ஒரு திருகுக்குக் கீழே நுழைந்திருந்தது, அதுவரைக்கும் சரி. ஆனால் அந்தப் பட்டையிலிருந்து புளோக்கின் எர்த்துக்குப் போக வேண்டிய பழைய பச்சை ஒயர் திருகைவிட்டு வெளியே வந்து, பெட்டியின் அடியில் பெயிண்ட் தூசிக்குள் சும்மா படுத்துக் கிடந்தது. எப்போது கழன்றதோ, அந்த வீட்டில் எத்தனை வருடமாகவோ எர்த்தே இல்லை. வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின், எல்லாம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. அந்த வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். சாதனத்தை மாட்டியவர் ஒரே ஒரு மீட்டரை வைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும், அவர் பார்க்கவில்லை, ஏனென்றால் அவர் மாட்டுவதற்கு மட்டும்தான் வந்தார்.

எனவே நல்ல ஆள் வந்தால் முதல் அரை மணி நேரம் எதையும் மாட்ட மாட்டார், அளப்பார். எர்த் வழி சரியாக இருக்கிறதா என்று தெரிய எர்த் லூப்பை அளப்பார், ஆர்சிசிபி எத்தனை மில்லி செகண்டில் விழுகிறது என்று பார்ப்பார், மெக்கர் வைத்து ஒயர்களின் இன்சுலேஷனைப் பார்ப்பார். (மெக்கர் 500 வோல்ட் கொடுக்கும், சர்ஜ் புரொடெக்டரை இணைத்த பிறகு அளந்தால் அது குறுக்கே கடத்தித் தப்பான அளவு காட்டும். அதனால் மாட்டுவதற்கு முன்னால் அளப்பார், பின்னால் அளக்க நேர்ந்தால் அதைக் கழற்றிவிட்டு அளப்பார். வந்தவர் இதைத் தானாகச் செய்தால் ஆள் தெரிந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

சாதனத்தைப் பற்றி. வீவக வீட்டு டிபிக்கு வேண்டியது டைப் 2. டைப் 1 என்பது கட்டடத்துக்கு மின்சாரம் நுழையும் இடத்துக்கு உரியது, அல்லது சொந்தமாக இடிதாங்கி வைத்திருக்கும் தரைவீடுகளுக்கு, அதை உங்கள் தலையில் கட்ட வந்தால் ஏன் என்று கேளுங்கள். பெட்டியின் மேல் ஐஇசி 61643-11 என்ற சர்வதேசத் தர எண் அச்சாகியிருக்க வேண்டும். யூசி என்று போட்டிருப்பது, அதாவது சாதனம் தொடர்ந்து தாங்கும் வோல்ட், 275க்குக் குறையக் கூடாது. ஐஎன் (பல முறை தாங்கும் அடி) 20 கிலோ ஆம்பியர், ஐமேக்ஸ் (ஒரு முறை தாங்கும் உச்ச அடி) 40 இருந்தால் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குத் தாராளம், 100 என்று எழுதியிருக்கிறது பாருங்கள் என்று யாராவது பெருமையாகக் காட்டினால் அதற்காகக் கூடுதலாக ஒரு வெள்ளி கொடுக்க வேண்டாம். முக்கியமாகப் பார்க்க வேண்டியது யூபி. அடி விழும்போது சாதனம் தடுத்தது போக மிச்சம் எவ்வளவு உள்ளே வரும் என்பதற்கான எண் அது, 1.5 கிலோவோல்ட்டோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். டிவி, ஃபிரிஜ் மாதிரியான பொருட்கள் ஒரு கணத்துக்கு 2.5 கிலோவோல்ட் வரைக்கும் தாங்கும்படி செய்யப்பட்டவை. 1.5 என்றால் மிச்சம் ஒரு கிலோவோல்ட் இடைவெளி இருக்கிறது.

அந்த ஒரு கிலோவோல்ட்டைத்தான் மோசமாக மாட்டுகிறவர்கள் தின்றுவிடுகிறார்கள். எப்படி என்றால், சர்ஜ் அவ்வளவு வேகமாக ஏறும்போது நேரான ஒயரே ஒரு தடையாகிவிடும், சாதனத்துக்குப் போய் வரும் ஒயர் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய ஆயிரம் வோல்ட் கூடும். ஆக, டிபியில் இடமில்லை என்று சாதனத்தைப் பக்கத்தில் தனிப் பெட்டியில் வைத்து, ஒயரை அழகாகச் சுருட்டி டை கட்டி ஒரு மீட்டர் ஓட்டிவிட்டால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 1.5 அங்கேயே 2.5 ஆகிவிட்டது. ஃபேஸிலிருந்து சாதனத்துக்கு, சாதனத்திலிருந்து எர்த் பட்டைக்கு, இரண்டும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும், சுருட்டக் கூடாது, முடிந்தவரை நேராகப் போக வேண்டும். இது அச்சில் உள்ள விதி. மூடியைப் போடுவதற்கு முன்னால் கூப்பிட்டுக் காட்டச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயர் முழம் போட்டு அளக்கும் நீளத்தில் தொங்கினால் குறைத்துத் தரச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ளட்டும். சாதனத்துக்கென்று தனி எம்சிபியோ ஃபியூஸோ இருக்க வேண்டும். அப்புறம், அதன் ஜன்னல் வெளியே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், அடிகள் வாங்கி வாங்கி வேரிஸ்டர் தேயும், ஒரு நாள் பச்சை சிவப்பாகும், அதன் பிறகு அது சுவரில் மாட்டிய படம்தான். உங்கள் டிபி செருப்பு அலமாரிக்கு மேலே இருப்பது போலத் தெரிகிறது, பெரிய இடி போன மறுநாள் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். அம்மாவின் மெஷின் ஓடாத நேரமாகப் பார்த்து அழுத்துங்கள், வீடே அணைந்துவிடும்.

உங்கள் அக்கா மகனைப் பற்றி. அவன் பட்டறையில் நல்ல வேலைக்காரனாகவே இருக்கலாம், அதில் எனக்குச் சந்தேகமில்லை, சித்தி வீட்டுக்குச் செய்து கொடுக்க வேண்டும் என்ற பாசமும் பெரிது. ஆனால் இங்கே வீட்டு மின்வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் உள்ளவர் செய்ய வேண்டும், அல்லது அவருடைய மேற்பார்வையில் நடக்க வேண்டும். சட்டம் அப்படி. உரிமம் மூன்று தரம், எலக்ட்ரீஷியன், டெக்னீஷியன், இன்ஜினியர். எலக்ட்ரீஷியன் உரிமம் 45 கேவிஏ (மின்சுமையின் அளவு) வரைக்கும் செல்லும், உங்கள் மெயின் சுவிட்ச் 30 ஆம்பியரோ 40 ஆம்பியரோதான் இருக்கும், 40 என்றாலும் 9.2 கேவிஏதான் ஆகிறது. ஆகவே எலக்ட்ரீஷியன் தரமே போதும், இன்ஜினியர் வருவார் என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். பெயரையும் உரிம எண்ணையும் முன்கூட்டியே கேட்டு வாங்கி, ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள், காலாவதி ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வருகிற அன்று அட்டையில் உள்ள படமும் வாசலில் நிற்கிற முகமும் ஒன்றா என்று பாருங்கள். இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நம் ஆட்களில் நிறையப் பேர், தெரிந்தவர் மூலமாக வந்திருக்கிறார், எப்படிக் கேட்பது என்று. நான் போகிற வீடுகளில் கேட்டால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, சகோதரி, உண்மையாகச் சொல்கிறேன். உதவியாளர் ஒருவர் கூட வரலாம், தவறில்லை, ஆனால் உரிமக்காரர் அங்கே இருக்க வேண்டும், உரிமம் கடையில் தொங்கிக்கொண்டு பையன் மட்டும் உங்கள் வீட்டில் நிற்கக் கூடாது. அக்கா மகனை அன்றைக்கு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பார்க்கட்டும், உங்களைவிட அவனுக்குக் கேள்வி கேட்கத் தெரியும்.

முப்பது வெள்ளிச் சாதனம் வேண்டாம். டைப் 2 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், உள்ளே வேரிஸ்டர் சூடேறினால் துண்டிக்கும் அமைப்பு இல்லாமல் இருந்தால் தேய்ந்துபோன நாளில் அதுவே தீப்பற்றும். மரச் செருப்பு அலமாரிக்கு மேலே அப்படி ஒன்றை வைக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1,200 வெள்ளி நியாயமா என்றால், ஆர்சிசிபி புதிதாக ஏற்றி, இடம் போதாமல் டிபி பெட்டியையே மாற்றி, எல்லாச் சர்க்யூட்டையும் அளந்து எழுதிக் கொடுப்பதாக இருந்தால் நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். வெறும் சாதனத்தை மாட்டிவிட்டுப் போகிற அரை மணி நேர வேலைக்கு என்றால் அநியாயம். சாதனத்தின் பெயர், மாடல், விலை தனியாக, ஆர்சிசிபி தனியாக, கூலி தனியாக, சோதனை தனியாக எழுதிக் கேளுங்கள், மூன்று பேரிடம் கேளுங்கள். பிரித்து எழுதித் தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். மின்கட்டணம் குறையும் என்றது சுத்தப் பொய், அந்தச் சாதனம் மீட்டர் ஓடுவதில் ஒரு புள்ளியைக்கூடக் குறைக்காது. அதைச் சொன்னவர் மற்றதை எவ்வளவு உண்மையாகச் சொல்லியிருப்பார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அம்மாவின் மெஷின். டிவியைப் பிடுங்கி வைக்கலாம், அதைப் பிடுங்கி வைக்க முடியாது, உங்கள் வீட்டுக்குத் தேவைதான் என்று முதல் வரியிலேயே சொன்னதற்குக் காரணம் அதுதான். ஆக்சிஜன் மெஷினைச் சுவர் பிளக்கில் நேராகச் செருகுவதுதான் முறை, நடுவில் எக்ஸ்டென்ஷனோ சர்ஜ் ஸ்ட்ரிப்போ வைக்க வேண்டும் என்று தோன்றினால் மெஷின் கொடுத்தவர்களைக் கேட்காமல் வைக்காதீர்கள். அதனால்தான் டிபியிலேயே தடுப்பது உங்களுக்குப் பொருந்தும். அம்மாவின் அறைக்கு டிபியிலிருந்து ஒயர் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்றும் எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், பத்து மீட்டருக்கு மேல் போனால் அந்தக் கோடியில் பாதுகாப்பு மெலிந்துவிடும், அந்த சர்க்யூட்டுக்கு இன்னொரு சின்ன சாதனம் வேண்டியிருக்கலாம்.

வேலை நடக்கும் அன்று இரண்டு மூன்று மணி நேரம் வீட்டில் மின்சாரம் இருக்காது, இதை மட்டும் முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். மெஷின் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் செய்து மாற்று சிலிண்டர் இருக்கிறதா, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, அம்மாவையும் மெஷினையும் காலையிலேயே பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய் உட்கார வைப்பது. நடைபாதை முழுக்க எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுக்க வேண்டாம், யாராவது தடுக்கி விழுவார்கள். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கச் சொல்லுங்கள், பிற்பகல் இடிக்கு முன்னால் மூடி போட்டுவிடலாம். வேலை முடிந்து மூடி போடுவதற்கு முன்னால் எடுத்த படத்தை எனக்கு அனுப்புங்கள், ஒயர் நீளத்தையும் அந்தப் பச்சை ஒயர் எங்கே போய் முடிகிறது என்பதையும் நானும் பார்த்துச் சொல்கிறேன்.